இரண்டு அரசிகளும் ஒரு மாப்பிள்ளை வீடும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற வரலாற்றுக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு "பதினாறாம் நூற்றாண்டின் ஓர் அரச கலியாணம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்து அரசி முதலாம் மேரியின் கலியாணம். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அந்தக் கலியாணத்தைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் மாப்பிள்ளை.

1554ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி வின்செஸ்டர் பேராலயத்தில் மேரியைக் கைப்பிடித்தவர் ஸ்பானிய இளவரசர் பிலிப்பு. பின்னாளில் ஸ்பெயினின் மன்னர் இரண்டாம் பிலிப்பு. அவரே 1581இல் போர்த்துக்கல்லுக்கும் மன்னரானார். போர்த்துக்கல் அவர் கைக்குப் போனபோது, போர்த்துக்கேயர் பிடித்து வைத்திருந்த கொழும்பும் மன்னாரும் கூடவே போயின. 1594இல் அவருடைய பெயரால் ஒரு படை இன்னோர் அரசியை அழைத்துக்கொண்டு கண்டி மலைக்கு ஏறியது. அந்த அரசிக்கும் ஒரு கலியாணம் திட்டமிடப்பட்டிருந்தது. அவர் பெயர் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் வைத்த பெயர் தோனா கத்தரினா.

இந்த இரண்டு கலியாணங்களுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். ஆனால் லண்டன் மக்களும் கண்டி மக்களும் கேட்ட கேள்வி ஒன்றேதான். எங்கள் அரசி கழுத்தை நீட்டினால், நாடும் அவரோடு சேர்ந்து போய்விடுமா? இதற்கு லண்டன் ஒரு விதமாகவும் கண்டி இன்னொரு விதமாகவும் பதில் சொன்னது. அந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

அத்தையைக் கட்டிய மாப்பிள்ளை

மேரி, எட்டாம் ஹென்றியின் மூத்த மகள். தாய் அரகன் நாட்டுக் கத்தரீன், ஸ்பானிய இளவரசி. ஆண்பிள்ளை வேண்டும் என்பதற்காக ஹென்றி அந்தத் தாயைத் தள்ளிவைத்தார், ரோமாபுரியோடு உறவை முறித்தார், இங்கிலாந்தின் சமயத்தையே மாற்றினார். இது எல்லோரும் அறிந்த கதை. அந்த ஆண்பிள்ளை ஆறாம் எட்வர்டு பதினைந்து வயதில் இறந்துபோக, 1553 ஜூலையில், எந்த மகளை ஒதுக்கிவைத்தார்களோ அந்த மகளே அரியணை ஏறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. கத்தோலிக்கர். கலியாணம் ஆகாதவர்.

அரசி உடனே கலியாணம் செய்ய வேண்டும், ஒரு வாரிசு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மாப்பிள்ளை யார் என்பதில்தான் சண்டை. நாடாளுமன்றத் தூதுக்குழு ஒன்று 1553 நவம்பரில் அரசியிடம் போய், வெளிநாட்டவர் வேண்டாம், எங்கள் ஆட்களில் ஒருவரைக் கட்டுங்கள் என்று கேட்டது. மேரிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்.

மாப்பிள்ளை யாரென்று எங்கள் முறையில் கணக்குப் பார்ப்போம். மேரியின் தாய் கத்தரீன். கத்தரீனின் தமக்கை யுவானா. யுவானாவின் மகன் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ். ஆகவே சார்ள்ஸ் மேரிக்குப் பெரியம்மா மகன், அண்ணன் முறை. அந்த அண்ணனுக்கும் மேரிக்குமே 1522இல் நிச்சயம் செய்து, பிறகு குழம்பிப்போனது வேறு கதை. அந்தச் சார்ள்ஸின் மகன் பிலிப்பு. அப்படியானால் மேரி பிலிப்புக்கு என்ன முறை? அத்தை முறை! அத்தை மகளைக் கட்டலாம். அத்தையையே கட்டுவதற்கு எங்கள் ஊரில் எந்தப் பெரியவரும் தலையாட்டமாட்டார். மேரிக்கு முப்பத்தெட்டு வயது, பிலிப்புக்கு இருபத்தேழு, ஏற்கெனவே மனைவியை இழந்தவர், ஒரு மகனும் உண்டு. போப்பாண்டவரிடம் விசேட அனுமதி பெற்றுத்தான் காரியம் நடந்தது.

மக்கள் பயந்தது முறையைப் பார்த்தல்ல, சொத்தைப் பார்த்து. அக்கால ஆங்கிலச் சட்டப்படி ஒரு பெண் கலியாணம் செய்தால் அவளுடைய காணி பூமியை ஆளும் உரிமை கணவனுக்குப் போய்விடும். பெண்ணுக்கு வயல் இருந்தால் வயல் போகும். பெண்ணுக்கு இங்கிலாந்து இருந்தால்?

இது உங்களுக்குப் புரியாத கேள்வி இல்லை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில் காணி உள்ளவர்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து எப்படிப் பிரிகிறது, மனைவியின் காணியை விற்கக் கணவனின் சம்மதம் ஏன் வேண்டும் என்பதெல்லாம் வழக்குப் பேசிப் பேசி உங்களுக்குப் பாடம். கலியாணப் பேச்சில் உறுதியை எடுத்து நொத்தாரிசிடம் காட்டி வாசகம் வாசகமாகப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். 1554 ஜனவரியில் இங்கிலாந்தின் அமைச்சர்கள் செய்ததும் அதுவேதான். உறுதியில் எழுத வேண்டிய சொத்து மட்டும் ஒரு நாடு.

அந்த ஒப்பந்தத்தின் வாசகங்கள் மிகக் கூர்மையானவை. பிலிப்புக்கு மன்னர் என்ற பட்டம் உண்டு, ஆனால் ஆட்சி அரசியுடையது. இங்கிலாந்தின் பதவிகளில் அந்நியரை அமர்த்தக்கூடாது. அரசியை அவருடைய சம்மதமில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடக்கும் போரில் இங்கிலாந்தை இழுத்துவிடக்கூடாது. பிள்ளை பிறந்தால் இங்கிலாந்தோடு நெதர்லாந்தும் அந்தப் பிள்ளைக்கு. பிள்ளை இல்லாமல் அரசி இறந்தால் பிலிப்புக்கு இங்கிலாந்தில் ஒரு பிடி மண்ணிலும் உரிமை இல்லை.

இதை வாசித்த மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? தான் சம்மதிக்காமல் எழுதப்பட்ட இந்த நிபந்தனைகள் தன் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தாது என்று ஸ்பெயினில் சாட்சிகள் முன்னிலையில் இரகசியமாக ஓர் ஆவணம் எழுதி வைத்துக்கொண்டார். பிறகு பகிரங்கமாக ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்.

மக்களுக்கும் அந்தக் கடதாசியில் நம்பிக்கை இல்லை. ஜனவரிக் கடைசியில் கென்ட் பகுதியில் தோமஸ் வயட் என்ற பிரபு கிளர்ச்சி செய்து லண்டன் வாசல்வரை வந்துவிட்டார். மேரி ஓடவில்லை. பெப்ரவரி 1ஆம் திகதி லண்டன் கில்ட்ஹோல் மண்டபத்துக்குத் தானே போய், நகரத்தாரின் முன்னால் நின்று பேசினார். நான் முதலில் மணந்தது இந்த நாட்டை. இந்தக் கலியாணம் உங்களுக்குக் கேடு என்றால் நான் செய்யமாட்டேன் என்பது அவர் பேச்சின் சாரம். லண்டன் அவர் பக்கம் நின்றது. வயட்டின் தலை போனது. அந்தக் கிளர்ச்சியில் கையே வைக்காத, முந்திய ஆண்டில் ஒன்பது நாள் அரசியாக இருந்த ஜேன் கிரேயின் தலையும் போனது. ஏப்ரலில் நாடாளுமன்றம் ஒப்பந்தத்தைச் சட்டமாக்கியது. முடி பெண்ணின் தலையில் இருந்தாலும் ஆணின் தலையில் இருந்தாலும் அதன் அதிகாரம் ஒன்றே என்று இன்னொரு சட்டமும் அதே காலத்தில் நிறைவேறியது. ஆங்கிலேயர் வரலாற்றில் அது சின்ன விடயம் அல்ல.

கலியாணம் நடந்தது. பிள்ளை பிறக்கவில்லை. கர்ப்பம் என்று நம்பி நாடு முழுவதும் காத்திருந்து ஏமாந்தது. பிலிப்பு 1555இல் போனவர், 1557இல் திரும்பி வந்தபோது போருக்கு ஆள் கேட்டு வந்தார். எந்தப் போரில் இழுக்கக்கூடாது என்று எழுதினார்களோ அந்தப் போரிலேயே இங்கிலாந்து இறங்கி, 1558 ஜனவரியில் பிரான்சுக் கரையில் தன்னிடம் மிஞ்சியிருந்த கலே நகரத்தை இழந்தது. அதே ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி மேரி இறந்தார்.

அப்போதுதான் அந்தக் கடதாசி தன் வேலையைக் காட்டியது. பிலிப்பு நாட்டைக் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. மேரியின் தங்கை எலிசபெத்து அரியணை ஏறினார். பிலிப்பு அடுத்த சில வாரங்களில் எலிசபெத்தையும் பெண் கேட்டார்! எலிசபெத்து சம்மதிக்கவில்லை. அவர் யாரையுமே கட்டவில்லை. அக்காவின் கலியாணத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அல்லவா.

கொழும்பு எப்படி பிலிப்பின் சொத்தானது

இனி எங்கள் பக்கம் வருவோம். பிலிப்புக்குப் போர்த்துக்கல் எப்படிக் கிடைத்தது? அதுவும் ஒரு கலியாணத்தால்தான். அவருடைய தகப்பன் சார்ள்ஸ் 1526இல் கட்டியது போர்த்துக்கல் மன்னர் மனுவேலின் மகள் இசபெல்லாவை. 1580 தொடக்கத்தில் போர்த்துக்கல் மன்னர் ஹென்றிக் வாரிசில்லாமல் இறக்க, தாய்வழிப் பேரன் என்று பிலிப்பு உரிமை கேட்டார். ஒரு படையையும் கூடவே அனுப்பினார். 1581இல் போர்த்துக்கேயப் பிரபுக்கள் அவரை மன்னராக ஏற்றார்கள்.

அதே 1580இல், ஓகஸ்ட் 12ஆம் திகதி, இங்கே கொழும்பில் ஒரு கைவிடப்பட்ட மன்னர் ஓர் உறுதி எழுதினார். அவர் கோட்டே இராச்சியத்தின் தர்மபாலர்.

அவருடைய கதைக்குள்ளும் ஒரு கலியாணம் இருக்கிறது. 1521இல் விஜயபாகு கொல்லப்பட்டு இராச்சியம் அவருடைய மூன்று மகன்மாருக்குள் பிரிந்தபோது, கோட்டே மூத்தவர் ஏழாம் புவனேகபாகுவுக்கும் சீதாவாக்கை மாயாதுன்னைக்கும் வந்தன. புவனேகபாகுவுக்கு வாரிசாகக் கொள்ளத்தக்க மகன் இல்லை. சமுத்திராதேவி என்ற மகள் இருந்தார். அவரை வீதிய பண்டாரவுக்குக் கட்டிக்கொடுத்தார். பிறந்த பேரன்தான் தர்மபாலர். மகள் வழிப் பேரனுக்கு நாடா, தம்பிக்கு நாடா என்பதே மாயாதுன்னையின் சண்டைக்கு அடிப்படை. அதனால் புவனேகபாகு பேரனின் உருவத்தைப் பொன்னில் செய்வித்து லிஸ்பனுக்கு அனுப்பினார். 1543இல் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜோன் அந்தப் பொற்சிலையின் தலையில் முடி சூட்டினார். அந்தக் காட்சியைச் செதுக்கிய யானைத்தந்தப் பேழை ஒன்று இன்றும் ஜேர்மனியின் மியூனிச் நகரத்தில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். 1533இல் ஹென்றி மகள் போதாது, மகன் வேண்டும் என்று தன் நாட்டையே புரட்டினார். பத்து ஆண்டுகள் கழித்துப் புவனேகபாகு, மகள் போதும், மகளின் மகன் போதும் என்று கடல் கடந்து அந்நியனிடம் கைநீட்டினார். இரண்டு பேருடைய முடிவுக்கும் விலை கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

புவனேகபாகு 1551இல் களனியில் ஒரு போர்த்துக்கேயனின் வெடிபட்டு இறந்தார். தர்மபாலர் 1557இல் ஞானஸ்நானம் பெற்றுத் தொன் ஜுவான் ஆனார். மக்கள் அவரை விட்டு விலகினார்கள். 1565இல் கோட்டே நகரத்தையே கைவிட்டு, போர்த்துக்கேயரின் நிழலில் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். இன்றைய கொழும்புக் கோட்டையும் புறக்கோட்டையும் இருக்கும் இடத்தில், மதிலுக்குள்ளே, நாடில்லாத மன்னராக முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். கொட்டாஞ்சேனை அப்போது மதிலுக்கு வெளியே. சீதாவாக்கையின் இராஜசிங்கன் 1587–88இல் பெரும் படையோடு வந்து இந்த மதிலைச் சுற்றி மாதக்கணக்கில் முற்றுகை போட்டபோது, மதிலுக்கு வெளியே இருந்த நிலமெல்லாம் அவருடையது. உள்ளே இருந்த சிறு துண்டு மட்டும் தர்மபாலரின் பெயரில், பிலிப்பின் கையில்.

அந்தத் துண்டில் இருந்துகொண்டு, பிள்ளையில்லாத தர்மபாலர் இலங்கை முழுவதையும் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிக்கொடுத்தார். 1597 மே மாதம் அவர் இறந்ததும், உறுதி நடைமுறைக்கு வந்தது. கோட்டேயின் வாரிசு பிலிப்பு.

மன்னாரில் வளர்ந்த அரசி

கண்டிக்கு அப்படி ஓர் உறுதி இல்லை. அங்கே போர்த்துக்கேயருக்குக் கிடைத்தது ஒரு குழந்தை.

1580களின் தொடக்கத்தில் இராஜசிங்கன் கண்டியைத் தாக்கியபோது, அங்கே ஆண்ட கரலியத்தே பண்டார குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் தப்பி ஓடினார். வழியில் அம்மை கண்டு அவரும் மனைவியும் இறந்தார்கள். மிஞ்சியது ஒரு சிறு பெண்குழந்தை, குசுமாசன தேவி. கூடவே மன்னரின் மருமகன் யமசிங்க பண்டார. இருவரும் போர்த்துக்கேயரிடம் வந்து சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் நடந்தது. குழந்தை தோனா கத்தரினா ஆனார். மருமகனுக்கு வைத்த பெயர் தொன் பிலிப்பு. யாருடைய பெயர் என்று சொல்லத் தேவையில்லை.

குழந்தை வளர்ந்தது மன்னார்க் கோட்டையில். போர்த்துக்கேயர் 1560இல் பிடித்த தீவு அது. சுற்றிலும் தமிழ்ச் சனம், முத்துக்குளிக்கும் கடல், உள்ளே போர்த்துக்கேயப் பாதிரிமார். கண்டி அரசி தன் நாட்டை அறியும் முன்னே தமிழையும் போர்த்துக்கேயத்தையும் கேட்டு வளர்ந்தார் என்றால் அது மிகை இல்லை. மன்னாருக்கு அந்தக் காலத்தில் ஓர் அரசியல் வேலையும் இருந்தது. 1591இல் போர்த்துக்கேயத் தளபதி பூர்தாடோ தெ மென்டோன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, அதன் மன்னர் புவிராஜ பண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் வைத்தது மன்னாரைத் தளமாகக் கொண்டுதான். அரசர்களை ஆக்கும் பட்டறை என்று மன்னாரைச் சொல்லலாம். யமசிங்கரும் கண்டிக்கு அரசராக அனுப்பப்பட்டார். போன சில காலத்தில் இறந்துபோனார். நஞ்சு வைத்தார்கள் என்று பேச்சு.

அந்த இடத்தைப் பிடித்தவர் கோனப்பு பண்டார. அவருடைய தகப்பனை இராஜசிங்கன் கொல்வித்திருந்தார். கோனப்பு போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கோவாவரை போய்ப் படைப்பயிற்சி பெற்று, ஞானஸ்நானத்தில் 'ஒஸ்திரியாவின் தொன் ஜுவான்' என்ற பெயரும் பெற்றிருந்தார். அது லெபந்தோ கடற்போரை வென்ற பிலிப்பின் மாற்றாந்தாய்த் தம்பியுடைய பெயர்! மருமகனுக்கு மன்னரின் பெயர், கோனப்புவுக்கு மன்னரின் தம்பியின் பெயர். பிலிப்பு ஒருநாளும் கண்டியைக் கண்டதில்லை. ஆனால் கண்டியின் அரியணைப் போட்டி முழுவதும் அவர் வீட்டுப் பெயர்களிலேயே நடந்தது.

கோனப்பு போர்த்துக்கேயரை விட்டு விலகினார். பௌத்தத்துக்குத் திரும்பினார். விமலதர்மசூரியன் என்ற பெயரில் மன்னரானார். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. படை இருந்தது, மக்கள் இருந்தார்கள், அரச இரத்தம் இல்லை. அந்த இரத்தம் மன்னார்க் கோட்டையில் இருந்தது.

1594

போர்த்துக்கேயரின் திட்டம் எளிது. முதலாவது கப்டன் ஜெனரலாக வந்த பேத்ரோ லோப்பஸ் தெ சூசா தோனா கத்தரினாவைக் கண்டிக்குக் கொண்டுபோய் அரசியாக முடிசூட்டுவார். அவரை ஒரு போர்த்துக்கேயப் பிரபு மணப்பார். இராச்சியம் வெடியில்லாமல் கையில் வரும். நாற்பது ஆண்டுக்கு முன் லண்டனில் எதைத் தடுக்க ஆங்கிலேயர் பக்கம் பக்கமாக எழுதினார்களோ, அதையே இங்கே ஒரு வரியும் எழுதாமல் செய்யப் பார்த்தார்கள்.

இராஜசிங்கன் 1593இல் இறந்துவிட்டதால் வழி திறந்திருந்தது. சீதாவாக்கையின் படைத்தலைவர் ஜயவீர பண்டார, லஸ்கரின் எனப்பட்ட தன் உள்ளூர்ப் படையோடு கூட வந்தார். 1594இன் நடுப்பகுதியில் படை பலனைக் கணவாய் வழியாக ஏறியது. விமலதர்மசூரியன் நகரத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் போனார். தோனா கத்தரினா கண்டிக்குள் கொண்டுவரப்பட்டு அரசியாக அறிவிக்கப்பட்டார். கரலியத்தேயின் மகள் திரும்பி வந்தாள் என்று மக்கள் மகிழ்ந்துதான் இருந்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அரசியைச் சுற்றிப் போர்த்துக்கேயக் காவல். கண்டிப் பிரதானிகள் தங்கள் அரசியைத் தாங்கள் பார்க்க முடியவில்லை. அவருக்கு ஒரு பரங்கியைக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியது. கண்டிக்கு நாடாளுமன்றம் இல்லை, தூதுக்குழு இல்லை, கில்ட்ஹோல் இல்லை. இருந்தது ஒன்று: கண்டி மக்கள் அரிசி கொண்டுவருவதை நிறுத்தினார்கள். ஆள் ஆளாகக் காட்டுக்குள் மறைந்தார்கள்.

ஜயவீரவும் அரசியைத் தனக்குக் கேட்டார் என்கின்றன குறிப்புகள். அவர் விமலதர்மசூரியனோடு இரகசியத் தொடர்பு வைத்திருக்கிறார் என்று காட்டும் ஓலைகள் போர்த்துக்கேயர் கையில் சிக்கின. சிக்கும்படி அனுப்பியதே விமலதர்மசூரியன்தான் என்று சொல்வதுண்டு. ஜயவீரவைப் பாசறையிலேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த இரவிலேயே லஸ்கரின் படை கலைந்தது. உணவில்லை, துணையில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் அரசியையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார்கள். தந்துரையில் கண்டிப் படை அவர்களை வளைத்துப் பிடித்தது. படையில் பெரும்பகுதி அழிந்தது. தெ சூசா காயம்பட்டுச் சிறைப்பட்டு இறந்தார். அரசி விமலதர்மசூரியன் கையில் அகப்பட்டார்.

அவர் அரசியை மணந்தார்.

பாடப்புத்தகத்தில் இது வெற்றியின் முடிவுரை. நான் சொல்ல வந்தது வேறு. போர்த்துக்கேயர் எந்தக் காரணத்துக்காக இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினார்களோ, விமலதர்மசூரியனும் அதே காரணத்துக்காகத்தான் அவரை மணந்தார். கண்டி அரியணையின் உரிமை அவர் இரத்தத்தில் இருந்தது. தந்துரையில் தோற்றது மாப்பிள்ளையின் பக்கம், கணக்கு மாறவில்லை. மேரிக்குக் கில்ட்ஹோலில் ஒரு மேடை கிடைத்தது. தன் கலியாணத்தைப் பற்றித் தானே பேசினார், தவறாகவோ சரியாகவோ தானே முடிவெடுத்தார். தோனா கத்தரினாவுக்கு முடி கிடைத்தது, மேடை கிடைக்கவில்லை. அவர் அப்போது இன்னும் சிறு பெண்.

கணவன் போனார், உரிமை நின்றது

1602இல் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போனார். நெதர்லாந்து அப்போது ஸ்பானிய மன்னருக்கு எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்த நாடு. மேரிக்குப் பிள்ளை பிறந்திருந்தால் எந்தப் பிள்ளையின் முதுசமாக இருந்திருக்குமோ, அதே நெதர்லாந்து! ஸ்பில்பேர்கனை வரவேற்ற விமலதர்மசூரியன், தன் மனைவியையும் பிள்ளைகளையும் அவர் முன்னால் கொண்டுவந்தார். அரண்மனையில் போர்த்துக்கேய உடை, போர்த்துக்கேயப் பேச்சு. உங்கள் ஆட்கள் இங்கே ஒரு கோட்டை கட்ட விரும்பினால் நானும் என் அரசியும் பிள்ளைகளும் எங்கள் தோளில் கல் சுமப்போம் என்று மன்னர் சொன்னார். கோட்டை கட்டுவதற்கும் அரசியின் தோளையே சாட்சி வைத்தார் பாருங்கள்.

அடுத்த ஆண்டு செபால்ட் தெ வேர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பில் விருந்தொன்றில் குடிவெறியில் அரசியைப் பற்றிக் கீழ்த்தரமாக ஒரு வார்த்தை விட்டார். மன்னரின் ஆட்கள் அவரையும் கூட வந்தவர்களையும் அந்த இடத்திலேயே வெட்டினார்கள் என்று ஒல்லாந்தர் குறிப்புகளே சொல்கின்றன. பிடிபட்ட போர்த்துக்கேயக் கைதிகளைத் தெ வேர்ட் விடுவித்ததில் மன்னருக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. ஆனால் எல்லை கடந்தது அந்த வார்த்தையில்.

1604இல் விமலதர்மசூரியன் இறந்தார். அரியணைக்கு மூன்று பக்கமும் போட்டி. வென்றவர் செனரத், மறைந்த மன்னரின் நெருங்கிய உறவினர், துறவு பூண்டிருந்தவர். காவி களைந்து வந்து என்ன செய்தார்? தோனா கத்தரினாவை மணந்தார். மறுபடியும் அதே கணக்கு. ஒரு கணவர் இறந்தும் உரிமை கத்தரினாவிடமே நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோனா கத்தரினா 1613இல் இறந்தார். அவருடைய இறுதி நாட்களை எங்களுக்கு விவரித்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் பாதிரியார். அவருடைய நூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. கண்டியில் இருந்த ஒல்லாந்தத் தூதர் மார்செலிஸ் பொஸ்கவ்வர் அரசியின் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார் என்று அதில் இருக்கிறது. அரசி தன் பிள்ளைகளுக்காகச் செய்த கடைசி ஏற்பாட்டில் வெளிநாட்டு ஆளையும் சேர்த்துக்கொண்டார். உறவுகளை எவ்வளவு நம்பினார் என்பதை அதிலிருந்து நீங்களே ஊகிக்கலாம்.

இரண்டு கலியாணங்களின் பலன்

இனி கூட்டிக் கழித்துப் பார்ப்போம். லண்டனில் எழுதிய ஒப்பந்தம் பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. போரைத் தடுக்கவில்லை. ஆனால் நாட்டைக் காத்தது. மேரி இறந்த அன்று பிலிப்புக்கு இங்கிலாந்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1588இல், இராஜசிங்கன் கொழும்பு முற்றுகையைக் கைவிட்ட அதே ஆண்டில், பிலிப்பு தன் கப்பற்படையை அனுப்பி வெடியால் கேட்டுப் பார்த்தார், அதுவும் கிடைக்கவில்லை.

கண்டியில் கடதாசி இல்லை. மலையும் காடும் பட்டினியும் அந்த வேலையைச் செய்தன. அங்கே பிறந்த பிள்ளைதான் கதையை முடித்தது. தோனா கத்தரினாவுக்கும் செனரத்துக்கும் 1608இல் பிறந்தவர் இரண்டாம் இராஜசிங்கன். 1638இல் கண்டிக்கு அருகே கன்னொருவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தவர். அதே ஆண்டு ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தவர். 1656 மே மாதம் கொழும்பு போர்த்துக்கேயர் கையை விட்டுப் போனது அந்தக் கூட்டணியால்தான். போர்த்துக்கேயர் எந்தப் பெண்ணைக் கொண்டு கண்டியைப் பெறலாம் என்று கணக்குப் போட்டார்களோ, அந்தப் பெண்ணின் மகனால் கொழும்பையே இழந்தார்கள். ஒல்லாந்தர் அந்த மகனை ஏமாற்றிக் கொழும்பைத் தாங்களே வைத்துக்கொண்டது அடுத்த அத்தியாயம்.

கலியாணத்தின் வழியாக அரியணை என்ற கணக்கு அதோடு நிற்கவுமில்லை. கண்டி மன்னர்கள் அரச குலப் பெண் வேண்டும் என்று மதுரைப் பக்கம் பெண் எடுத்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கர் வாரிசில்லாமல் இறந்தபோது அரியணை அரசியின் சகோதரருக்குப் போனது. மைத்துனர் மன்னரானார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழும் பேசிய நாயக்கர் வம்சம் அப்படித்தான் கண்டியில் ஏறியது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கையோடு இறங்கியது. அந்த உடன்படிக்கையில் சில பிரதானிகள் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டதை நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால் இருப்பவர்கள் மதுரையிலிருந்து கடல் கடந்து வந்த மணப்பெண்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் புத்தகங்களில் இங்கிலாந்து அரசர் வரிசையைப் பாருங்கள். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, முதலாம் மேரி, முதலாம் எலிசபெத்து. மேரி தன் பெயரில் நிற்கிறார். அவருடைய கணவர் பிலிப்பு வரிசையில் இல்லை, அடிக்குறிப்பில்தான் வருவார். நாடாளுமன்றம் அப்படி எழுதி வைத்ததால்.

இப்போது கண்டி அரசர் வரிசையைப் பாருங்கள். கரலியத்தே பண்டார, யமசிங்க, விமலதர்மசூரியன், செனரத், இரண்டாம் இராஜசிங்கன். ஒருவர் தோனா கத்தரினாவின் தகப்பன். ஒருவர் மைத்துனர் முறை. இரண்டு பேர் கணவர்கள். ஒருவர் மகன். 1594இல் கண்டியில் அரசியாக அறிவிக்கப்பட்டவர், அந்த ஐந்து பேரையும் ஒன்றாகக் கட்டும் ஒரே ஆள், வரிசையில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அவர் "விமலதர்மசூரியனின் மனைவி" என்று பாடத்தில் ஒரு வரியில் வந்து போகிறார்.

போர்த்துக்கேயர் முடிசூட்டியதால் அது முடி இல்லை என்று சிலர் வாதிடலாம். அப்படியானால் தர்மபாலரையும் வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். அவருடைய சிலைக்கு முடிசூட்டியதும் லிஸ்பன்தானே. தர்மபாலர் ஆண் என்பதால் இருக்கலாம், கத்தரினா பெண் என்பதால் கூடாது என்றால், அது வரலாறு சொல்லும் நியாயம் அல்ல. விமலதர்மசூரியனும் செனரத்துமே அவருடைய உரிமையை ஏற்றுத்தான் அவரை மணந்தார்கள். அவர்கள் ஏற்றதை நாங்கள் ஏன் மறுக்க வேண்டும்?

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை வகுப்பில் கண்டி அரசர்களின் பெயரைப் பலகையில் எழுதும்போது, கரலியத்தேக்கும் விமலதர்மசூரியனுக்கும் நடுவே, தோனா கத்தரினா என்று ஒரு வரி எழுதுங்கள். மன்னாரில் வளர்ந்தவர் என்றும் சேர்த்து எழுதுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகளே கேட்பார்கள்.